முதியோர்க்கு மருந்துச் செலவு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடம் சொல்லும் வாத்தியாருக்கு மருந்துக்கடை விஷயத்தில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். யாம் வைத்தியர் அல்லேம். மருந்து வணிகரும் அல்லேம். ஆயினும், பிள்ளைகள் வெளியூர்களில் உத்தியோகம் பார்க்க, வீட்டில் தனித்திருக்கும் பெரியோர்களுக்கு டாக்டர் எழுதிய சீட்டையும் கடைக்காரர் கொடுத்த பில்லையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் அனுப்பிய கடிதத்தையும் படித்துச் சொல்லும் வேலை சில ஆண்டுகளாக எம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றது. அவ்வாறு படித்ததில் யாம் கண்டது இது. நம் பெரியோர்களிற் பலர், தம் கையிலுள்ள காப்பீட்டு அட்டை எதற்குப் பணம் கொடுக்கும், எதற்குக் கொடாது என்பதை அறியாமலே அதனை நம்பியிருக்கின்றனர். நாள்தோறும் விழுங்கும் மாத்திரையின் உண்மைப் பெயரை அறியாமலே அதற்கு விலை கொடுத்து வருகின்றனர். இவ்விரண்டும் சேர்ந்து செய்யும் தீங்கைக் குறித்தே இன்று பேசப் புகுந்தோம்.

முதற்கண் அட்டையை எடுத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆந் தேதி இந்திய சர்க்கார் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா என்னும் திட்டம், ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரையில் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்பது. 70 வயது நிரம்பிய எவரும், வருமானம் எவ்வளவாயினும், அதிற் சேரலாம் என்று 2024 அக்டோபர் 29-இல் அது விரிக்கப்பட்டது. அவர்க்கென அமைந்த அட்டைக்கு வய வந்தனா அட்டை என்று பெயர். முதுமையை வணங்குதல் என்பது அவ்வடமொழித் தொடரின் கருத்து, பெயர் நன்று. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் உண்டு. இவையன்றித் தனியார் கம்பெனிகளின் பாலிசிகளும் உள.

இவை யாவற்றுக்கும் பொதுவாய் அமைந்த இலக்கணம் யாதெனின், நோயாளி ஆஸ்பத்திரியிற் சேர்ந்து படுக்க வேண்டும் என்பதே. படுத்தால் அட்டை பேசும். நடமாடினால் அது வாய் திறவாது. பிரதம மந்திரி திட்டத்தில், ஆஸ்பத்திரியிற் சேர்வதற்கு முந்திய 3 நாளிலும், வீடு திரும்பிய பின் 15 நாளிலும் ஆகும் மருந்து முதலியவற்றின் செலவு அடங்கும். தனியார் பாலிசிகளில் முன்னே 30 நாள், பின்னே 60 நாள் என்பது பெருவழக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அது வேறுபடும். அந்நாட்களுக்குரிய மருந்துப் பில்லுகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் பணம் திரும்பி வரும் என்பதையே பலர் அறியார். ஆஸ்பத்திரிப் பில்லோடு காரியம் முடிந்தது என்று மற்றவற்றைக் கிழித்தெறிந்து விடுகின்றனர். அந்நாட்கள் கழிந்த பின்போ, உயிருள்ளளவும் உட்கொள்ள வேண்டிய இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும், நீரிழிவு மாத்திரைக்கும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கும் நம் மடியிலிருந்தே பணம் அவிழ்க்க வேண்டும். வெளிநோயாளிச் செலவை ஏற்கும் பாலிசிகளும் சில உள்ளன. அவற்றுக்குப் பிரீமியமும் தனி, வரம்பும் தனி.

மருத்துவத்துக்கு நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என நான்கு உறுப்பு வகுத்தார் திருவள்ளுவர். பணம் கொடுப்பவர் என்று ஐந்தாவது ஓர் உறுப்பை இக்காலம் கூட்டியிருக்கின்றது. அவ்வைந்தாமவர் கட்டிலருகே மட்டும் வருகின்றார்; வீட்டு அலமாரியருகே வருவதில்லை.

இஃது ஒரு பெரிய குறையா என்று கேட்பீராயின், எமக்கு அறிமுகமான ஒரு பெரியவரின் வரலாற்றைச் சொல்லுகின்றோம். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்போன்றார் பெறும் தொழிலாளர் பென்ஷன், 2014-இல் குறைந்த அளவு என்று வகுக்கப்பட்ட மாதம் 1,000 ரூபாயைச் சிறிதே கடந்தது. மருந்துக்கு மட்டும் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. மகன் அனுப்பும் பணத்தில் வாடகை போக மீதி வேண்டுமே! இரத்தக் கொதிப்பு மாத்திரையை அவர் ஒன்றுவிட்டு ஒருநாள் போடலானார். “ஒரு மாதத்து மாத்திரை இரண்டு மாதத்துக்கு வருகிறது, வாத்தியார்; தலைசுற்றல்கூட இல்லை” என்று எம்மிடம் ஒரு வெற்றியைச் சொல்பவர்போலச் சொன்னார். அது கூடாது என்றோம். உடனே உள்ளே சென்று சாமிபடத்தின் பின்னாலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து வந்து காட்டி, “ஏதேனும் வந்தால்தான் இது இருக்கிறதே!” என்றார். சில மாதங்களில் அவருக்கு வலப்பக்கம் கைகால் விழுந்தது. மாத்திரையை விட்டதனாலேதான் விழுந்தது என்று அறுதியிட்டுக் கூற யாம் வைத்தியரல்லேம். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதற் கேள்வி, மாத்திரை ஒழுங்காகப் போட்டு வந்தாரா என்பதே. அட்டை தன் கடமையைச் செய்தது. கட்டிலுக்கும் ஸ்கானுக்கும் ஊசிக்கும் பணம் கொடுத்தது. கையை மட்டும் அது திருப்பிக் கொடுக்கவில்லை.

இரத்தக் கொதிப்புக்கு வலியில்லை. ஆகவே மாத்திரையை விட்டவனை அந்நோய் அன்றே தண்டிப்பதில்லை. அதுவே அதன் வஞ்சகம். பசி வந்தால் அறியலாம், பல்வலி வந்தால் அறியலாம். இதனை அளந்து பார்த்தாலன்றி அறிய முடியாது. ஆதலால் வீட்டில் பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது இம்மாத்திரையே.

அதிலும் தாய்மார்களின் நிலைமையைத் தனியே சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் சீட்டு இருந்து பணம் ஒன்றுக்கே போதுமானால், யாருடைய சீட்டு கடைக்குப் போகின்றது என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. “எனக்கு இன்னும் நாலு நாளைக்கு இருக்கிறது” என்று சொல்லும் தாயின் மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள், காலியாக இருக்கும்.

இனி மாத்திரையின் பெயருக்கு வருவோம். இது எம் துறைக்கு அருகிலுள்ள விஷயம் ஆகையால் சற்று நீட்டிப் பேசினால் பொறுத்தருள்க.

மருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர் உண்டு. ஒன்று அம்மருந்துக்கே உரிய பெயர். உலகமெங்கும் வைத்தியர்கள் அறிந்தது. மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாடின் என்பன அத்தகையன. இதனைக் கடைகளில் ஜெனரிக் பெயர் என்பர்; யாம் பொதுப்பெயர் என்போம். மற்றொன்று கம்பெனி தன் சரக்குக்கு இட்டுக்கொண்ட வியாபாரப் பெயர். பொதுப்பெயர் ஒன்றாயிருக்க, வியாபாரப் பெயர்கள் நூற்றுக்கணக்காகப் பெருகியிருக்கின்றன. நிகண்டில் ஒரு பொருளுக்குப் பல பெயர் வரக் கற்றிருக்கின்றோம். ஆனால் யானையை எப்பெயரால் அழைத்தாலும் யானையின் விலை மாறுவதில்லை. நம் இலக்கணத்தில் சிறப்புப்பெயர் என்பது பொருளின் வேறுபாட்டைக் காட்டும். மருந்துக்கடைச் சிறப்புப்பெயரோ பொருளை வேறுபடுத்தாமல் விலையை மட்டும் வேறுபடுத்தும். அட்டையின் பின்புறத்தில் பொதுப்பெயரும் மில்லிகிராம் அளவும் அச்சிட்டிருக்கும். எழுத்து சிறிது, பேரனைக் கொண்டாவது படிக்கச் செய்க.

விலை இங்ஙனம் வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. புதிய மருந்தைக் கண்டவருக்கு 20 ஆண்டுக்குத் தனியுரிமை உண்டு. அதுவரை வேறொருவர் அதனைச் செய்து விற்க இயலாது. நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கே உரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. ஆகையால் நம்மவர்கள் வேறு முறையிற் செய்து மலிவாக விற்றனர். இன்று உலகம் முழுவதும் மலிவு மருந்துக்கு இந்தியாவை நோக்குவதற்கு அச்சட்டமே அடிப்படை. 2005 முதல் மருந்துக்கும் உரிமை உண்டு என்று சட்டம் மாறியது. உரிமைக் காலம் முடியும் நாளில் என்ன நிகழ்கின்றது என்பதை 2025 மார்ச்சு மாதத்தில் கண்கூடாகக் கண்டோம். எம்பாக்லிஃப்லோசின் என்னும் நீரிழிவு மாத்திரை அதுவரை ஒன்று சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. உரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் அதனைச் செய்யத் தொடங்கின. சில பெயர்களில் அதே மாத்திரை 10 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கலாயிற்று. ஆனால் நோயாளியின் பழைய சீட்டில் பழைய வியாபாரப் பெயரே இருக்குமாயின், கடைக்காரர் அந்தப் பழைய மாத்திரையையே எடுத்துக் கொடுப்பார்.

“கடைக்காரரிடமே மலிவானதைக் கேட்டு வாங்கிவிடலாமே” என்று நீங்கள் கூறலாம். இங்கேதான் நம்மவர் பலர் அறியாத ஒரு விதி இருக்கின்றது. டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தம் விருப்பப்படி கொடுக்கலாகாது. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றேயாயினும் கொடுக்கலாகாது என்று மருந்துச் சட்டத்தின்கீழ் அமைந்த விதி கூறுகின்றது. ஆதலின் விலை தீர்மானமாவது கடைப் பலகையில் அன்று, டாக்டர் மேசையில். மருத்துவர்களுக்குரிய ஒழுக்க விதிகளோ, பொதுப்பெயரால், தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதுக என்று கூறுகின்றன. எழுதுவோர் சிலரே. நாம் கேட்பதுமில்லை. “ஐயா, மாதாமாதம் வாங்க வேண்டியிருக்கிறது; இதையே பொதுப்பெயரில் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. எம் அனுபவத்தில், கேட்டவர்களிற் பெரும்பாலோர்க்கு எழுதியே கொடுத்திருக்கின்றனர்.

ஒரு சில மருந்துகளில் டாக்டர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அதற்குத் தக்க காரணமும் உண்டு. வலிப்பு நோய்க்கும் தைராய்டுக்கும் கொடுப்பனவும், இரத்தம் உறையாமற் கொடுக்கும் வார்ஃபரின் போன்றனவும் அளவிலே நுண்ணியவை. ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டிவரும். அவற்றைத் தாமாக மாற்றுவது ஆபத்து. எந்த மாத்திரையையும் விலைக்கு அஞ்சித் தாமே நிறுத்துவது அதனினும் ஆபத்து.

சர்க்காரும் விலையில் வாளாவிருக்கவில்லை. அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியல் ஒன்றுண்டு. 2022-இல் திருத்தியபோது அதில் 384 மருந்துகள் இடம்பெற்றன. பட்டியலில் உள்ளவற்றுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை விதிக்கும். அதற்கு மேல் எக்கம்பெனியும் விற்கலாகாது. ஆயினும் உச்சவிலை என்பது, சந்தையில் ஓரளவு விற்பனையுள்ள கம்பெனிகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, கடைக்காரர் இலாபத்தைச் சேர்த்து விதிப்பதாகையால், அதன் கீழும் விலைகள் பலவாறு கிடக்கின்றன. மேலும், பட்டியலில் தனியாக நிற்கும் மருந்து இன்னொன்றோடு கலந்து ஒரே மாத்திரையாக வருமாயின் பட்டியலின் உச்சவிலை அக்கலவைக்குச் செல்லாது. மூன்று மாத்திரைக்கு ஒன்று விழுங்கினாற் போதும் என்னும் சௌகரியம் கலவையில் உண்மையே. விலையையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்வது நலம். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளின்மேல் இருந்த 12 சதவீத வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின்மேல் இருந்த 18 சதவீத வரி அறவே நீக்கப்பட்டது. பில்லில் இக்குறைவு தெரிகின்றதா என்று பார்க்க.

பொதுப்பெயரால் எழுதிய சீட்டைக் கொண்டு போகத்தக்க கடைகள் எவை? 2008-இல் தொடங்கிய ஜன் ஔஷதி என்னும் மக்கள் மருந்தகங்கள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளன. 10,000-மாவது கடை 2023 நவம்பர் 30-இல் திறக்கப்பெற்றது. வியாபாரப் பெயருள்ளவற்றினும் பாதிக்குக் குறைந்த விலையிற் பல மருந்துகள் அங்குண்டு. நம் மாநிலத்தில் கூட்டுறவு மருந்தகங்கள் உள்ளன. 2025 பிப்ரவரி 24-இல் முதல்வர் மருந்தகம் என்னும் பெயரால் 1,000 கடைகள் திறக்கப்பெற்றன. ஒவ்வொரு கடையிலும் எல்லா மருந்தும் எந்நாளும் இருக்கும் என்று யாம் உறுதி கூறமாட்டோம். இரண்டு மாத்திரை இல்லை என்பதற்காக ஐந்தையும் வேறு கடையில் வாங்கி வருவோரைப் பார்த்திருக்கின்றோம். இருக்கும் மூன்றை வாங்கினாலும் இலாபந்தானே.

மலிவானது மட்டமானது என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் ஊறிக்கிடக்கின்றது. பட்டுப்புடைவைக்கு அது பொருந்தலாம். உரிமை முடிந்த மருந்தில், பெரிய பெயரோடு வருவதும் பெரும்பாலும் பிற கம்பெனிகள் பார்த்துச் செய்ததே. பெயரை நாட்டுவதற்கு ஆன செலவும் அதன் விலையிற் சேர்ந்திருக்கும்.

இப்பொழுது ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லுகின்றோம். மருந்தைப் பற்றிய பேச்சில் கசப்பு வந்தால் வியப்பில்லை. விலையே இல்லாமல் இம்மாத்திரைகளைக் கொடுக்கும் இடமும் உண்டு. அஃது அரசு ஆரம்ப சுகாதார நிலையமும் அரசு ஆஸ்பத்திரியும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைக்கப்பெற்றது முதல், மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் வேண்டிய மருந்தைப் பொதுப்பெயரால் ஒருங்கே வாங்கிச் சோதித்து, மாவட்டந்தோறும் உள்ள கிடங்குகளின் வழியே அனுப்பி வருகின்றது; பிற மாநிலத்தார் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே கொண்டு வரப்பட்டன. அதற்கு 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் கிடைத்தது.

இவ்வளவு இருந்தும் நம் சமூகத்தாரிற் பலர் அங்கே செல்லார். ஏனெனில் அது தர்மாஸ்பத்திரி. வரிசையில் நிற்பதை யாரேனும் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நர்ஸ் மாத்திரைப் பையுடன் வீட்டுக்கு வந்தபோது, “எங்களுக்கு வேண்டாம், இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்” என்று வாயிலிலேயே அனுப்பிவிட்டு, உள்ளே மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்த ஒரு வீட்டை யாம் அறிவோம். அவ்வீட்டாரை இகழ யாம் இதனைக் கூறவில்லை. அவர்கள் பிறர் பங்கை எடுக்கலாகாது என்று உண்மையாகவே எண்ணினர். ஆனால் அம்மருந்து எவருக்கும் இடும் பிச்சையன்று. துணி வாங்கும்போதெல்லாம் நாம் கொடுத்த வரியால் வந்தது. கலியாணப் பந்தியில் இலைக்கு எத்தனை பதார்த்தம் என்று கணக்குப் பார்க்கும் நம் கௌரவம், பெரியவர் ஒருவர் மாத்திரையை உடைக்கும்போது எங்கே போகின்றது என்று கேட்க எமக்கு உரிமை உண்டென்றே எண்ணுகின்றோம்.

வேறு சில வழிகளையும் சுருங்கச் சொல்லிவிடுகின்றோம். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றோர்க்கு சி.ஜி.எச்.எஸ். என்னும் திட்டமும், முன்னாள் இராணுவத்தினர்க்கு 2003-இல் வந்த இ.சி.எச்.எஸ். என்னும் திட்டமும் உண்டு. இவ்விரண்டும் ஆஸ்பத்திரியிற் படுக்காதவர்க்கும் அன்றாட மருந்தைக் கொடுப்பவை. 70 வயதானபின் வய வந்தனா அட்டையை விரும்பி இவற்றை விட நினைப்போர் இந்த வேறுபாட்டை நன்கு எண்ணிப் பார்க்க. மில், தொழிற்சாலைகளில் வேலைபார்த்து இ.எஸ்.ஐ.யில் 5 ஆண்டுக்குக் குறையாமல் இருந்து, வயது காரணமாக ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும், ஒரு சிறு தொகை செலுத்தி அவ்வைத்தியத்தைத் தொடரலாம்; அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்கு 120 ரூபாய் அளவினதாகவே இருந்தது. யாம் கேட்டவரையில் நம்மவருள் ஓய்வுபெற்ற மில் தொழிலாளர் பத்துப் பேரில் ஒருவர்கூட இதனை அறிந்திருக்கவில்லை.

65 வயதுக்கு மேற்பட்டவருக்கு யார் பாலிசி கொடுப்பார் என்று மனம் சோர்ந்திருப்போரும் உளர். அவ்வயது வரம்பு 2024 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டது. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருக்கும் காலமும் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. முதியோரின் பிரீமியத்தை ஆண்டொன்றுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கருதும் கம்பெனி, ஒழுங்குமுறை ஆணையத்தை முன்னதாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணை பிறந்தது. விண்ணப்பத்தில் உள்ள நோயை மறையாமல் எழுதுக. ஏஜெண்டு “எழுத வேண்டாம்” என்று சொன்னாலும் எழுதுக. பணம் மறுக்கப்படும் நாளில் அவர் அருகில் இருக்கப் போவதில்லை.

நிர்வாக சபையார்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நமது சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருகின்றது; கலியாண மண்டபம் நடத்துகின்றது. அம்மண்டபத்தின் முன்னறை முகூர்த்தமில்லாத நாட்களில் வெறுமையாகக் கிடக்கின்றது. நம்முள் மருந்தியல் படித்த இளைஞர் சிலர் இருக்கின்றனர். மாதம் ஒரு ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் அவர்கள் அங்கே அமர்ந்து, வரும் பெரியோரின் சீட்டுக்களைப் பார்த்து, ஒவ்வொரு மாத்திரையின் பொதுப்பெயரையும் உச்சவிலையையும், அது அருகில் எந்தக் கடையில் கிடைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்குமா என்பதையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தரலாம். மருந்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கில்லை. அத்தாளை எடுத்துக்கொண்டு பெரியவர் தம் டாக்டரிடம் போகட்டும். மேசை ஒன்றும் நாற்காலி நான்கும் தாளும் எழுதுகோலும் தவிரச் செலவில்லை. தாய்மார்கள் கூச்சமின்றி வருவதற்குப் பெண்பிள்ளை ஒருத்தியும் அக்குழுவில் இருத்தல் வேண்டும். இதனை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பிற் சேர்த்துக்கொள்ளுமாறு காரியதரிசியவர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.